முதல் யூனிட்டை நிறுத்தியது ஏன்?

அனுப்புநர்:
பழைய கவுன்டர்-ஸ்ட்ரைக் (சிஎஸ்) ஆட்டக்காரர்கள் சார்பில் ஒருவன்,
நெய்வேலி நகரியம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வால்வ் கார்ப்பரேஷன்,
பெல்வ்யூ, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கம்ப்யூட்டர் ஆட்டம் வெளியானதற்கு மகிழ்ச்சியும், அதற்காக முந்தையதை மூடியதற்கு ஆட்சேபமும் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிவிப்பு, நாள் 22.03.2023.

ஐயா,

எடுத்த எடுப்பிலேயே ஒரு நடைமுறைச் சிக்கல். பொதுத்துறை நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு எந்த விண்ணப்பத்தையும் 'முறையான வழியாக' அனுப்பித்தான் பழக்கம். காகிதம் உதவியாளரிடம் தொடங்கிப் பொது மேலாளர் வரை படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் இளைப்பாற வேண்டும். 2012-ல் வெளியே கசிந்த உங்கள் ஊழியர் கையேடோ, உங்களிடம் மேலாளர் என்று யாருமே இல்லை என்கிறது. மேஜைக்குக்கூடச் சக்கரம் வைத்திருக்கிறீர்களாம்; பிடித்த வேலை எங்கே நடக்கிறதோ அங்கே ஊழியர் மேஜையை உருட்டிக்கொண்டு போய்விடலாமாம். எங்கள் பக்கம் மேஜை நகர்ந்தால் அதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். ஆகவே இக்கடிதம் எந்த மேஜையில் விழுகிறதோ, அது உருளுவதற்கு முன் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச நெய்வேலிக்காரனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்த ஊரே பாகம் பாகமாக வெளிவந்ததுதான். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் முதல் பாகம். அப்புறம் சுரங்கம் 2, சுரங்கம் 1ஏ. சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய தெர்மல் 1, அதன் விரிவாக்கம், தெர்மல் 2, அதற்கும் ஒரு விரிவாக்கம். எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான்: தோண்டு, எடு, கொளுத்து. எங்கள் இரண்டாம் பாகங்கள் யோக்கியமானவை என்று சாதிக்க வரவில்லை. 2023 ஜூலையில் சுரங்கம் 2-இன் விரிவாக்கப் பணிக்காக, கால்வாய் வெட்டுகிறோம் என்று வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. தொடர்ச்சி என்று ஒன்று வந்தால் யாரோ ஒருவருடைய நிலம் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். உங்கள் தொடர்ச்சியில் போனது எங்களுடைய நிலம்.

எந்த நிலம் என்று சொல்லிவிடுகிறேன். சிஎஸ் உங்கள் ஆபீஸில் பிறந்த பிள்ளை அல்ல. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-ல் உங்கள் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தை வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகச் செய்தது. நீங்கள் அதை வாங்கி 2000-த்தில் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த நல்ல புத்திக்கு நன்றி. 'டஸ்ட்' வரைபடத்தைப் போட்ட டேவ் ஜான்ஸ்டனும் ஒரு ரசிகர்தான். எங்கள் மந்தாரக்குப்பம் பிரவுசிங் சென்டர்களில் சிஎஸ்ஸின் ஒன் பாயின்ட் சிக்ஸ் பதிப்பு ஓடிய காலத்தில் அதற்கு இன்டர்நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். நாலு கம்ப்யூட்டரை ஒரு கேபிளில் கோர்த்தால் போதும். ஆள் குறைந்தால் கம்ப்யூட்டரே ஆடும் பாட் போட்டுக்கொள்வோம். அதிலும் 'நியூக்' வரைபடம் எங்களுக்கு மட்டுமே புரிகிற ஒரு தர்மசங்கடம். அப்பா தெர்மலில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் இங்கே உட்கார்ந்து ஒரு மின் நிலையத்துக்கு வெடிகுண்டு வைத்துக்கொண்டிருப்பான்.

பிறகு சிஎஸ் சோர்ஸ் வந்தது. 2012-ல் சிஎஸ் கோ வந்தது. முணுமுணுத்துக்கொண்டே மாறினோம். பதினொரு வருஷம் ஆடி, அதையும் எங்களுடையதாக ஆக்கிக்கொண்டோம். அந்தப் பதினொரு வருஷமும் அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைக்கவில்லை.

2023 மார்ச்சில் அறிவித்தீர்கள், 'கோடையில் வரும்' என்று. வந்தது செப்டம்பர் 27. உங்கள் ஊரில் அதற்குள் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டதால் அங்குள்ளவர்கள் கேலி செய்தார்கள். நெய்வேலி தங்களைக் குற்றம் சொல்லாது. இங்கே செப்டம்பரும் கோடைதான்.

திறந்து பார்த்தோம். புகைக்குண்டின் புகை அருமை. கதவிடுக்கில் நிறைகிறது, தோட்டா பட்டால் விலகுகிறது. புகையைப் பற்றி நெய்வேலிக்காரன் கொடுக்கும் சான்றிதழைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் புகை கலைந்தபோது பின்னால் பாதி ஊரைக் காணோம். டேஞ்சர் ஸோன் என்ற ஆட்டமுறை போயே போயிற்று. ஆர்ம்ஸ் ரேஸ் என்ற இன்னொரு முறை அடுத்த பிப்ரவரியில்தான் திரும்பியது. துப்பாக்கியை இடது கையில் பிடிக்கும் வசதிக்கு 2024 ஏப்ரல் வரை காத்திருந்தோம்; 'டிரெய்ன்' வரைபடத்துக்கு நவம்பர் வரை. மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு வாசற்கதவே இல்லை. முப்பது சுற்று ஆட்டம் இருபத்து நாலாகச் சுருங்கியது. சிஎஸ் கோ-வில் 167 சாதனைப் பதக்கங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு எல்லாருக்கும் ஒன்றே ஒன்று கொடுத்தீர்கள். முப்பது வருஷ சர்வீஸ் புத்தகத்தைக் கிழித்துப் போட்டு, 'இன்று பணியில் சேர்ந்தார்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்த மாதிரி.

சர்வர் விவகாரம் தனிக் கதை. நொடிக்கு 64 முறை கணக்கெடுக்கும் சர்வர் போதாது, 128 வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டோம். 'இனி அந்த எண்ணே உங்களுக்குத் தேவையில்லை, நீங்கள் சுட்ட கணத்தையே எழுதிக்கொள்வோம்' என்று சப்-டிக் என ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுவருக்குப் பின்னால் வந்து ஒளிந்த பிறகு செத்து விழுகிறோம் என்று உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கூப்பாடு போட்டார்கள். 128 கொடுத்துவந்த வெளியார் சர்வர்களையும் 64-க்கே இறக்கிக் கட்டினீர்கள்.

இத்தனை கழிவிலும் ஒன்று மட்டும் ஒரு கீறல்கூட விழாமல் வந்து சேர்ந்தது, ஐயா. துப்பாக்கிக்கு அடித்த பெயின்ட். ஒவ்வொரு ஸ்கின்னும், ஒவ்வொரு ஸ்டிக்கரும், ஒவ்வொரு கத்தியும் பத்திரம். புது வெளிச்சத்தில் பளபளப்பு கூடித்தான் இருந்தது. ஸ்கின் பெட்டியைத் திறக்கும் சாவியும் அதே 2.49 டாலர்தான். எதை மூட்டை கட்டும்போது பஞ்சு வைத்துக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால், வீடு மாறுகிறவரின் மனசு தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்னாலும் இவை எங்கள் ஆட்சேபம் அல்ல. இரண்டாம் பாகம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நீங்களும் சிலவற்றைச் சரிசெய்துதான் வருகிறீர்கள். ஆட்டத்துக்கு ஆள் குறையவும் இல்லை. ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். திட்டிக்கொண்டே ஆடுகிற கூட்டம்தான் அதில் பெரும்பகுதி என்பது என் கணிப்பு.

ஆட்சேபம் இதுதான். சிஎஸ் டூவைப் பக்கத்து மனையில் கட்டாமல் சிஎஸ் கோவின் மேலேயே கட்டினீர்கள். உங்கள் ஸ்டீம் கடையில் அதே இடம், அதே கதவு; பழைய வீட்டுக்கு ஊரார் எழுதிக் கொடுத்த பாராட்டுரைகளைக்கூடப் புது வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டீர்கள். பழையதைத் தேடிப் போனபோது 'பீட்டா' என்று ஒரு பின்கட்டில் கிடந்தது. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு அதற்கு ஆதரவு கிடையாது என்று அறிவித்தீர்கள். பொட்டலில் தனியாக நின்று சுடலாம். எதிராளியைத் தேடிக் கொடுக்க ஆளில்லை.

சினிமாக்காரர்கள்கூட இதைச் செய்யவில்லை. 'இந்தியன் 2' 2024 ஜூலையில் வந்து ரசிகர்களைச் சோதித்தபோது, 1996-இல் வந்த 'இந்தியன்' படத்தை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இரண்டாவதைப் பார்த்து நொந்தவன் வீட்டுக்கு வந்து முதலாவதைப் போட்டுப் பார்த்துத் தேறினான். அந்த மருந்தைத்தான் நீங்கள் கடையிலிருந்து எடுத்துவிட்டீர்கள்.

பெரிய இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாவிட்டால் எங்களைக் கேட்டிருக்கலாம். 600 மெகாவாட் தெர்மல் 1 கிழடு தட்டிப்போனது. அதற்குப் பதிலாகப் 'புதிய நெய்வேலி' நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்கள் இரண்டைக் கட்டினார்கள். முதல் யூனிட் 2019 கடைசியில் வேலைக்கு வந்தது. அப்போதும் கிழவனை உடனே வெளியே தள்ளவில்லை. 2020 செப்டம்பர் வரை அதுவும் ஓடியது. இத்தனைக்கும் எங்களுடையது கோப்பு நகர வருஷமாகும் அரசு நிறுவனம். மேஜைக்குச் சக்கரம் கிடையாது.

ஆகவே, பெரிய மனது வைத்து, சிஎஸ் கோவைத் தனி ஆட்டமாக, எதிராளி தேடிக் கொடுக்கும் வசதியோடும் சென்னை சர்வரோடும் மறுபடி திறந்துவிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். டேஞ்சர் ஸோனும் அதிலேயே இருக்கட்டும். ஸ்கின்கள் உள்ளே வராவிட்டாலும் பரவாயில்லை. வெறும் இரும்பை வைத்து ஆடிக்கொள்கிறோம்.

பதில் வரும்வரை ஒன் பாயின்ட் சிக்ஸ் ஆடிக்கொண்டிருப்போம். அதற்கு உங்கள் சர்வரும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெய்வேலிப் பழைய ஆட்டக்காரன்