தேங்காய் பிரதானமா, கற்பூரம் பிரதானமா?

திருவண்ணாமலை,
பங்குனி மாதம்.

புதுதில்லியில் எழுந்தருளியிருக்கும் மகாகனம் பொருந்திய சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தாரின் திவ்ய சமூகத்துக்கு, அருணாசலேஸ்வரர் ஆலயத்து மாடவீதியில் பூஜைச் சாமான் கடை வைத்துப் பிழைக்கும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

மார்ச்சு 31 நெருங்குகிறது. என் தகப்பனார் காலத்தில் வருஷக் கணக்கு முடிப்பதென்பது, சித்திரை முதல் நாள் பிள்ளையார் சுழியிட்டுப் புதுக்கணக்கு எழுதுவதற்கு முன்னால், நாள்வழியிலிருந்து பற்றுவரவுகளைப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து, இனி வராது என்று தெளிந்த கடன்களை அண்ணாமலையார் பேரில் விட்டுவிடும் எளிய காரியமாக இருந்தது. 2017 ஜூன் 30 நள்ளிரவில், பாராளுமன்றத்து மைய மண்டபத்தில் புதிய வரியானது மங்கள கோஷத்துடன் பிரதிஷ்டை செய்யப்பட்ட பிறகு அந்த எளிமை ஒழிந்தது. வியாபாரத்துக்கு ஒரு சாஸ்திரம் கிடைத்தது. 11ஆம் தேதி விற்பனை விவரம், 14ஆம் தேதி கொள்முதல் வரவின் தரிசனம், 20ஆம் தேதி வரி என்று மாதந்தோறும் விரதங்கள் ஏற்பட்டன. ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டவர்களை ஒரு சதவீதத்தோடு விடுவிக்கும் இணக்கமுறையும் உண்டென்பது தெரியும். ஆனால் அதில் சேர்ந்தவன் பில்லில் வரி காட்டக்கூடாதாகையால், என்னிடம் மொத்தமாக வாங்குவோர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். தவிர, தங்கள் கெடுக்கள் ஆங்கிலத் தேதியை அனுசரிப்பவை. எங்கள் ஊர் வியாபாரமோ, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சோபலட்சம் ஜனங்கள் நடக்கும் பௌர்ணமியை நம்பியது. சந்திரன் தங்கள் இணையதளத்தில் பதிவு பெறாத பேர்வழி.

இப்போது சரக்கிருப்பு எடுக்கையில் கடையை விகிதம் விகிதமாகப் பிரித்துப் பார்க்கிறேன். விபூதி, குங்குமம், ருத்திராட்சம், பூணூல், விளக்குத்திரி ஆகியவற்றுக்கு வரியில்லை. தங்கள் தயாளத்தை ஊரே போற்றுகிறது. ஊதுபத்திக்கு 5 சதவீதம். நெய்க்கு இருந்த 12 சதவீதத்தை 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆக்கினீர்கள். மலையுச்சிக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்த்து மகாதீபம் ஏற்றும் ஊரில் அதற்கு நன்றி சொல்லாதிருப்பது பாபம். பொரியைச் சாக்கிலிருந்து படியால் அளந்து கொடுத்தால் வரியில்லை. அதே பொரியை உறையிலிட்டுச் சீட்டு ஒட்டினால், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். கற்பூரத்துக்கோ 18. தங்கள் பட்டியலில் அது ரசாயனப் பொருள்களின் அத்தியாயத்தில், அசிட்டோனுடன் ஒரே தலைப்பின்கீழ் வீற்றிருக்கிறது. பஞ்சபூதத் தலங்களுள் அக்கினித் தலமாகிய இவ்வூரில், நெருப்பாய் நின்றவனுக்கு நெருப்பைக் காட்டும் வஸ்துவே என் கடையில் மிக அதிக வரி சுமப்பது.

இவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளலாம், அர்ச்சனைத் தட்டைத்தான் சகிக்க முடியவில்லை. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து ஒரே விலை சொல்வது எங்கள் வீதி வழக்கம். சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்கு இரண்டு வழிகள் வகுத்திருக்கிறது: இயல்பாகவே சேர்ந்து வரும் பொருள்கள் என்றால், அவற்றுள் பிரதானமானதன் விகிதமே முழுவதற்கும், அப்படியல்லாத கலப்பு என்றால், எதற்கு விகிதம் அதிகமோ அதுவே எல்லாவற்றுக்கும். இரண்டாவதைக் கொண்டால், பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற பழமொழியைத் திருத்தி, கற்பூரத்தோடு சேர்ந்த தேங்காயும் 18 கட்டும் என்று எழுத வேண்டும். முதலாவதைக் கொண்டால், பிரதானம் எது? பக்தரைக் கேட்டால் தீபாராதனையே என்பார், அதற்கு 18. தேங்காய் மண்டிக்காரரைக் கேட்டால், தேங்காய் உடைக்காத அர்ச்சனையும் ஓர் அர்ச்சனையா என்பார், அதற்கு வரியில்லை. அர்ச்சகரைக் கேட்டால், தட்டில் இனிமேல்தான் விழவேண்டிய ஒன்றைப் பிரதானம் என்பார். அது சரக்கா சேவையா என்று அடியேன் கேட்கத் துணியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை போட்டுத் தனி வரியில் எழுதுங்கள் என்கிறார் என் ஆடிட்டர். அப்படியே செய்தால், சந்நிதியில் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்வதற்குள் நடை சாத்திவிடுவார்கள். நான் அப்போதும் வெற்றிலைக்குரிய குறியீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இன்னொரு சங்கதி. எனக்குச் சரக்கனுப்பிய மொத்த வியாபாரி தம் விவரத்தைத் தாக்கல் செய்யாவிட்டால், நான் அவரிடம் ரொக்கமாகக் கொடுத்த வரி என் வரவில் ஏறாது. அதே வரியை நான் மறுபடியும் கட்ட வேண்டும். முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாமற்போயிற்று, சொல்லவைத்த பிரமனுக்குக் கோயில் இல்லாமற்போயிற்று என்று எங்கள் தலபுராணம் கூறும். ஆனால் விவரம் அறியாமல் அந்தத் தாழம்பூவைக் காசு கொடுத்து வாங்கியவனை ஈசன் தண்டித்ததாக எந்தப் புராணத்திலும் இல்லை. அவ்விடத்தில் தங்கள் சட்டம் ஈசனையும் விஞ்சிவிட்டது.

ஆகையால், மன்றத்தின் அடுத்த கூட்டத்தைக் கார்த்திகை தீபத்தன்று இவ்வூரிலேயே கூட்டும்படி பிரார்த்திக்கிறேன். தம்முள் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் தொடுத்த வழக்கு தீர்ந்த தலம் இது. தேங்காய்க்கும் கற்பூரத்துக்கும் உள்ள வழக்கை, மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்குமாகிய வாக்கு பலத்தில், முக்காற்பங்குப் பெரும்பான்மையால் தீர்த்துவைக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மாடவீதிப் பூஜைச் சாமான் வியாபாரி.

பின்குறிப்பு: 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில், பன்னுக்கு வரியில்லை, அதனுள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடம் முறையிட்ட உணவக அதிபர், சில தினங்களுக்குள் மன்னிப்புக் கேட்கும் காட்சியை நாடே கண்டது. அந்தச் சிரமம் தங்களுக்கு மறுபடி நேராதிருக்க, என் மன்னிப்பையும் இவ்வுறையிலேயே வைத்திருக்கிறேன். முறையீடும் மன்னிப்பும் ஒரே தபால் தலையில் வருவதால், இவற்றுள் பிரதானம் எது என்பதையும் மன்றத்தாரே தீர்மானித்துக்கொள்ளலாம்.