பீங்கானுக்கு உண்டு, மடலுக்கு இல்லை

கருவேப்பிலங்குறிச்சியில் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்த விருத்தாசலம் பீங்கான் பொம்மை பெரும்பாலும் உடையாமல் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அதன் தீபாவளி விலைப்பட்டியலை மலிவு வாடகைச் சர்வரிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மூச்சில் மின்னஞ்சலாக விடுபவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஒரே நாளில் ஜிமெயிலுக்கு 5,000 மடல்களைத் தாண்டுவோரிடம் கூகுள் 2024 பிப்ரவரி முதல் மூன்று சான்றுகளைக் கேட்கிறது: இன்ன சர்வர்தான் இப்பெயரில் அனுப்பலாம் என்னும் எஸ்பிஎஃப், வழியில் எவரும் திருத்தவில்லை என உறுதிசெய்யும் கையொப்பமான டிகேஐஎம், இவை பொய்த்தால் மடலை என்ன செய்வது என்று கூறும் டிமார்க். மூன்றும் இருந்தாலும், அதே ஐபி முகவரியைப் பங்கிடும் இன்னொருவர் லாட்டரி மடல் அனுப்பியிருந்தால் கெட்ட பெயர் இருவருக்கும் பொது. ஆயிரத்துக்கு மூவர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினாலே ஆபத்து; அதோடு ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயமாகியுள்ளது. சேர்ந்தவரை விட்டுப் பழக்கமில்லாத வணிகர்களுக்குக் கசப்பது இந்த விதிதான்.