ஒரு நாளைக்கு ஒரு டீதான் சார்

2024 செப்டம்பரில் யமஹா தன் ஆர்15எம் பைக்கை இரண்டு விலையில் விட்டது. டெல்லி ஷோரூம் விலைப்படி சாம்பல் நிற வண்டி 1,98,300 ரூபாய். கார்பன் ஃபைபர் டிசைன் போட்டது 2,08,300. கார்பன் ஃபைபரே இல்லை, அதன் டிசைன் மட்டும். தண்ணீரில் மிதக்கும் மெல்லிய படலத்தில் பிளாஸ்டிக் பேனலை முக்கி எடுத்தால், அந்தக் கறுப்பு நெசவு மேலே ஒட்டிக்கொள்ளும். முக்கி எடுக்கப் பத்தாயிரம்.

அக்கா மகன் இதை எனக்கு மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்ப இது கவரிங்கா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் கீரையைப் பார்த்தேன்.

"கவரிங்குக்குக் கூலி மட்டும் பத்தாயிரமாடா?"

அத்தான் வேறு கோணத்தில் வந்தார். ஆயுள் முழுக்க அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் அதற்கு வரி எவ்வளவு என்றுதான் முதலில் யோசிப்பார். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். ஆகவே அந்த டிசைனுக்காக மட்டும் அரசாங்கத்துக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும். "டிசைன் ஓடி ரோடு தேயுமா?" என்றார். நியாயமான கேள்வி. போக்குவரத்துத் துறையில் யாரும் இதற்குப் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் குடும்ப மாநாட்டுக்கு என்னை அழைத்ததற்குக் காரணம், ஒரு காலத்தில் நான் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தேன். 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை வைத்திருந்தவர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் ஆயுள்காலத் தொழில்நுட்ப ஆலோசகர் பதவி தானாகவே கிடைத்துவிடும். ஓட்டியது 98 சிசி, அதுவும் முப்பது வருடத்துக்கு முன்னால் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அந்த வண்டியை வாங்கும்போது எந்த ஆலோசனையும் தேவைப்படவில்லை. சிவப்பா, கறுப்பா என்று ஒரே கேள்வி. கறுப்பு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்த நிமிடமே சிவப்பு பிடித்துவிட்டது.

இப்போது நிலைமை வேறு. 2021-இல் ஆர்15-இன் நான்காம் பதிப்பு வந்தபோது போட்ட விலைப்பட்டியலை நான் ஓர் இலக்கியப் பிரதியைப் போலப் பலமுறை படித்திருக்கிறேன். சிவப்பு 1,67,800. டார்க் நைட் என்ற கறுப்பு 1,68,800. நம் ஊரில் கறுப்பாக இருப்பதற்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுத்த ஒரே ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். ரேசிங் ப்ளூ 1,72,800. இதில் க்விக்‌ஷிஃப்டர், அதாவது கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் சாமான், சேர்ந்து வரும். ஆர்15எம் 1,77,800; இதில் க்விக்‌ஷிஃப்டரோடு சாம்பல் நிறம், தங்க நிற பிரேக் காலிப்பர், தனி சீட், அப்புறம் 'எம்' என்கிற ஓர் எழுத்து. அதன் மேல் இன்னும் இரண்டாயிரம் போட்டால் மோட்டோஜிபி பந்தய அணியின் வண்ணத்தில் ஒன்று. இன்ஜின் எல்லாவற்றிலும் ஒன்றேதான். 155 சிசி, 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ். பத்து காசு குறைவில்லை, கூடுதலும் இல்லை.

இந்தப் பட்டியலைப் போட்டவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவர். சிவப்பு வாங்க வந்தவனிடம், "பத்தாயிரம் சேர்த்துக் கொடு" என்றால் எழுந்து போய்விடுவான். "ஐயாயிரம்தானே" என்றால் உட்காருவான். உட்கார்ந்தவனிடம், "இன்னும் ஒரு ஐயாயிரம்" என்றால் எழுந்திருக்க வெட்கப்படுவான்.

நாங்கள் போன ஷோரூமில் இந்தக் கலையில் தேர்ந்த ஓர் இளைஞர் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கால்குலேட்டர். விலையை அவர் ஒருமுறைகூட முழுசாகச் சொல்லவில்லை. வித்தியாசத்தை மட்டும் எடுத்து, மூன்று வருடத் தவணையாக்கி, மாதத்தை முப்பதால் வகுத்து, கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பத்தாயிரத்துக்கு மாசம் முந்நூத்தம்பதுதான் வரும். ஒரு நாளைக்குப் பன்னெண்டு ரூபா. ஒரு டீதான் சார்."

டிசைனுக்கு ஒரு டீ. க்விக்‌ஷிஃப்டருக்கு அரை டீ. கூடுதல் வாரண்டிக்கு அரை டீ. வண்டி கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்க ஃபிரேம் ஸ்லைடர், அது கால் டீ. அத்தான் காகிதத்தில் கூட்டிக்கொண்டே வந்தார். "தம்பி, இப்பவே தினம் ரெண்டேகால் டீ ஆயிடுச்சு. எனக்கு சுகர் இருக்கு."

பைக் உலகில் பெரிய இடத்திலும் இந்தக் கதைதான், ஆனால் அங்கே கொடுத்த காசுக்குப் பொருள் வரும். டுகாட்டி பானிகாலே வி4 வாங்குகிறவர் மேலும் சில லட்சங்கள் போட்டு 'எஸ்' வாங்கினால், ஓடும்போதே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஓலின்ஸ் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன், வார்ப்பு வீலுக்குப் பதிலாக ஃபோர்ஜ் செய்த லேசான வீல், லித்தியம் பேட்டரி என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை கிடைக்கும். யமஹாவின் அண்ணன் வண்டியான ஆர்1எம் 2015-இல் வந்தபோது அதன் மேல்சட்டை அசல் கார்பன் ஃபைபர். எடையைக் குறைப்பதற்காகப் போட்டது. 155 சிசிக்காரர்களான நமக்கு எடை குறையாது. பர்ஸின் எடை மட்டும் குறையும்.

நம் ஓசூர்க்காரர்கள் இதில் கொஞ்சம் வெளிப்படையானவர்கள். 2024 டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-இல் க்விக்‌ஷிஃப்டர் இல்லாத சிவப்பு 2,75,000, உள்ள சிவப்பு 2,92,000. அதே சிவப்பு, ஒரு சாமான், 17,000 ரூபாய், விஷயம் முடிந்தது. ஆனால் 2021-இல் இதே வண்டிக்கு ரேஸ் கிட் என்று ஒன்று கொடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தை உயர்த்தித் தருவார்கள். அதாவது இன்னும் நன்றாகக் குனிய வேண்டும். என் வயதில் எலும்பு டாக்டருக்கு அதைவிட அதிகம் கொடுத்து நிமிரப் பார்க்கிறோம்.

க்விக்‌ஷிஃப்டரை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். நல்ல சாமான். கிளட்சைப் பிடிக்க வேண்டாம், ஆக்சிலரேட்டரை விட வேண்டாம், கியரைக் காலால் மேலே தட்டினால் போதும். கியர் ராடில் உள்ள சென்சார் அந்த அழுத்தத்தை உணர்ந்து, கண்ணிமைக்கும் நேரம் இன்ஜினின் விசையை நிறுத்தும். பல்சக்கரங்களின் இறுக்கம் தளர்கிற அந்த இடைவெளியில் அடுத்த கியர் வழுக்கிக்கொண்டு விழும். டெஸ்ட் ரைடில் பையனைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். ஆலோசகருக்கு அந்த உரிமை உண்டு. கொஞ்சம் காலி ரோடு கிடைத்ததும் தட்டினேன். டக். மூன்றாவது. மறுபடி டக். நான்காவது. அந்த இரண்டு டக்குக்கும் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பிறகு எதிர்ச்சாரியிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ, இண்டிகேட்டர் என்ற வழக்கம் ஏதும் இல்லாமல், யு டர்ன் எடுத்தது.

இங்கேதான் சிக்கல். ஆர்15-இல் க்விக்‌ஷிஃப்டர் கியர் ஏற்றுவதற்கு மட்டும். இறக்க வேண்டுமென்றால் பழையபடி கிளட்ச் பிடித்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை ஜிஎஸ்டி ரோட்டில் போகிறவனுக்கு வாழ்க்கை இறக்கத்தில்தான் இருக்கிறது. நான்காவது கியரைக் கண்டவர்கள் அந்த நேரத்தில் அங்கே குறைவு. அந்த இன்ஜினில் 7,400 ஆர்பிஎம்மைத் தாண்டினால் வால்வுகள் வேறு கேமுக்கு மாறி இன்னொரு குணம் வெளிப்படும். குரோம்பேட்டை சிக்னல் அந்தக் குணத்தை வெளியே விடாது.

மீட்டரில் டிராக் மோடு என்று ஒன்றும் இருக்கிறது. போட்டால் லேப் டைமர் வரும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், அங்கே அது பயன்படும். 1990-இலிருந்து அங்கே பந்தயம் நடக்கிறது, அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தது. எங்கள் பையன் இரண்டு இடத்துக்கும் போனதில்லை. கேட்டதற்கு, "இருக்கட்டும் மாமா, ஆபீசுக்குப் போற டைம் பாக்கலாம்ல" என்றான். போகிற நேரத்தை அவனுடைய ஆபீஸ் ஏற்கெனவே வேறொரு மெஷினில் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் நேராக வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கே, வானத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்.

"இதுல யாரு உக்காருவா?"

"நீதாம்மா."

"எது மேல ஏறி?"

ஷோரூமில் வேலை செய்யும் பெண் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அத்தான். காட்டன் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, அக்கா பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் குனிந்திருந்த மகனின் ஹெல்மெட் அவள் தோளுக்குக் கீழே தெரிந்தது. "பரவால்ல, எதிர்ல யாரு வர்றாங்கன்னு இவனவிட எனக்குத்தான் நல்லாத் தெரியுது" என்றாள். இறங்குவதற்கு மட்டும் சற்று நேரமானது.

இறங்கியதும் பின்சக்கரத்தின் இடதுபுறம் இருந்த தடுப்பு அவள் கண்ணில் பட்டது. சேலை கார்டு. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்க வேண்டும் என்கிறது. ஜப்பானியப் பொறியாளர்கள் காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வண்டியில், கடைசியில் நம் சட்டம் ஒரு சேலை கார்டை மாட்டியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. பையனுக்கு இல்லை. "டெலிவரி எடுத்ததும் கழட்டிடலாம் மாமா, லுக்கே போகுது" என்று என் காதில் சொன்னான்.

அக்காவுக்குப் பாம்புச் செவி. விற்பனை இளைஞரிடம் திரும்பினாள். "இது எந்த மாடல்ல வருது?"

"எல்லாத்துலயும் வரும் மேடம்."

"எத்தன டீ?"

"ஃப்ரீதான் மேடம்."

"அப்ப இந்த வண்டியிலயே உருப்படியான சாமான் இதுதான். இத எவனாவது கழட்டினா நான் ஏற மாட்டேன்." ஏறாமல் இருப்பதற்கு அவளுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது என்பது பையனைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது.

எதை வாங்குவது என்பதைக் கடைசியில் முடிவு செய்தது குதிரைசக்தியோ கார்பனோ இல்லை, பஞ்சாங்கம். டிசம்பர் முதல் வாரம். டிசைன் போட்ட எம் கைவசம் இல்லை, மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். மூன்று வாரத்தில் மார்கழி பிறந்துவிடும், மார்கழியில் இந்த வீட்டில் ஊசிகூட வாங்க மாட்டார்கள். தை வரை பொறுக்கலாம் என்று பையன் சொன்னான். பொறுத்தால் 2025 மாடல் என்று எழுதுவார்கள், நாளைக்கு விற்கும்போது ஒரு வருடம் லாபம் என்று நானும் ஒத்து ஊதினேன். இன்னும் வாங்காத வண்டியை என்ன விலைக்கு விற்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஜனவரியில் விலை ஏறலாம் என்று விற்பனை இளைஞர் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார். அத்தான் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

கைவசம் இருந்தவை இரண்டு, சிவப்பும் நீலமும். நீலத்தில் க்விக்‌ஷிஃப்டர் இருந்தது. எம் என்ற எழுத்து இல்லை, தங்க நிற காலிப்பர் இல்லை. பையன் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். சாவியைப் பெரிய அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்ததும் முகம் இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை வெளியே எடுத்தோம்.

அதற்குப் பிறகு தெருவில், ஆபீஸில், கல்யாண வீட்டில் எத்தனையோ பேர் அந்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டார்கள். எந்த வேரியண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. மைலேஜ் என்ன தருது, என்ன விலை ஆச்சு, அவ்வளவுதான். மைலேஜ் கேட்டால் பையன் பேச்சை மாற்றுவான். விலை அத்தானின் இலாகா.

2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். எம்மின் விலை இறங்கி, நாங்கள் நீலத்துக்குக் கொடுத்ததன் பக்கத்தில் வந்து நின்றது. அத்தான் அன்றைக்கு இரண்டு செய்தித்தாள் வாங்கிவந்து இரண்டிலும் அதையே படித்தார். மறுநாளிலிருந்து அவர் விலை சொல்லும் முறையில் ஒரு தெளிவு வந்துவிட்டது. கைமாற்று கேட்கக்கூடிய சொந்தக்காரர் வந்தால், "தவணைதான், சிவப்பு மாடல் விலைக்கே குடுத்துட்டான்" என்கிறார். வங்கிக்காரர்களிடம் உள்ளபடி சொல்கிறார். பெண் வைத்திருக்கிறவர்கள் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால், "கார்பன் எடிஷன்தான் புக் பண்ணினோம், பையன்தான் ஆடம்பரம் வேண்டாம்ப்பா, நீலமே போதும்னுட்டான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி காபிக்குக் குரல் கொடுக்கிறார்.