ஹேண்ட் பிரேக்கும் கைக்கல்லும்: தூத்துக்குடிக் கரையின் நிறுத்தவியல் குறித்து ஓர் ஆய்வு

தன் ஜீப்பின் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்பது தூத்துக்குடிக்காரருக்குத் தெரியவரும்போது அவர் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. மாஞ்சோலை வளைவிலோ கொடைக்கானல் ஏற்றத்திலோ இருப்பார். குற்றம் நில அமைப்பினுடையது. ஊர் கடல்மட்டத்தை ஒட்டித் தட்டையாகக் கிடக்கிறது. மேடு வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும். தெற்கே குதிரைமொழித் தேரிப் பக்கம் போனாலோ, செம்மணல் டயரைக் கவ்விக்கொள்கிறது. அங்கே வண்டியை நிறுத்த யாரும் சிரமப்பட்டதில்லை. கிளப்பத்தான் நாலு வீலும் வேண்டும். இப்படியாக ஒரு ஹேண்ட் பிரேக் செத்துப் பல வருடம் ஆனபின்னும் உயிரோடிருப்பதாக நம்பப்பட்டு வரும்.

இவ்வாய்வின் கருதுகோள்: முத்துக்குளித்துறையில் வண்டியை நிறுத்திவைக்கும் மூலக்கருவி கல், ஹேண்ட் பிரேக் அதற்கு எடுபிடி.

முதல் சான்று சட்டத்திலிருந்து. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஆள் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை விட்டுப்போவதானால், இன்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 126. அந்த ‘வேறு ஏற்பாடு’ என்னவென்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அதை எழுதியவர்களில் ஒருவராவது மேட்டில் நின்ற லாரியின் பின்சக்கரத்தைப் பார்த்திருப்பார்.

அடுத்தது வரலாறு. இக்கரையில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் காலை ஊன்றித்தான் கடலடிச் சிப்பிப் பாருக்கு இறங்கினார்கள். அடி தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். குளிப்பவர் சிப்பியை அள்ளிவிட்டுக் கயிற்றை அசைத்தால் அவரையும் இழுப்பார்கள். கல்லும் கயிறும்தான் முக்கியக் கருவிகள். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள், கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது ஒழுங்காக இழுப்பான் என்று சொல்வதுண்டு. ஹேண்ட் பிரேக் கேபிளும் ஒரு கயிறுதான். அதற்கு அப்படிப்பட்ட உறவுமுறை எதுவும் கிடையாது. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கல் மட்டும் தொழில் மாறி, சக்கரத்தடிக்கு வந்துவிட்டது என்பது என் துணிபு. துறைமுகத்தைப் பாருங்கள்: கடலை அடக்கி நிறுத்த வடக்கே 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும், தெற்கே சற்றுக் குறைவாகவும் கல்லைக் கொட்டித்தான் அலைதடுப்பு கட்டினார்கள். கடலுக்கே அண்டை கொடுத்த ஊர்.

மொழிச் சான்று மட்டும் மனவருத்தம் தருவது. தேர்ச் சக்கரத்தடியில் செருகி, தேரை நிறுத்தவும் திருப்பவும் உதவும் மரத்துண்டுக்குப் பெயர் முட்டுக்கட்டை. அது இல்லையென்றால் சாமி நிலைக்குத் திரும்ப முடியாது. அப்பேர்ப்பட்ட பொருளின் பெயரை எடுத்து, கல்யாணத்தைக் கெடுக்கும் பெரியப்பாவுக்குச் சூட்டியிருக்கிறோம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை.

கல்லின் வகைகள்: கருங்கல் உத்தமம். செங்கல் நசுங்கும். உப்பு மூட்டை மழை வரும்வரை தாங்கும். பவளப்பாறைக் கல் வேண்டவே வேண்டாம். பவளம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போய்விட்டது. அதைச் சக்கரத்துக்கு வைத்தவர் போக்குவரத்துப் போலீஸிடமிருந்து தப்பி வனத்துறையிடம் சிக்குவார்.

இனி எதிர்த்தரப்பு. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், புரொப்பெல்லர் ஷாப்டின் தலைமாட்டில், ஒரே ஒரு டிரம். ஷாப்ட் ஏறக்குறைய 5 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. ஆகவே அங்கே கிடைக்கும் சின்னப் பிடி சக்கரத்துக்கு வரும்போது 5 மடங்காகிவிடும். கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன்வீல் கியர் போடாமல் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், ஷாப்ட் அசையாமல் நிற்கும்போதே தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழலும், தரையில் இருப்பது மறுபக்கம் உருளும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கி நடக்கும். ஹேண்ட் பிரேக் புத்தம்புதிது என்றாலும் இதே கதைதான். பஞ்சர் கடைப் பையன் முதலில் கல்லைத் தேடுவது இந்த இயற்பியல் தெரிந்துதான்.

எங்கள் ஊரில் உப்பு வேறு. அளத்துக்குப் போய்வரும் ஜீப்பின் கேபிள் உறைக்குள் உப்புக்காற்று புகுந்து துருவேறும். லீவர் முழுசாக வரும், மறுமுனையில் அசைவிருக்காது. டிரான்ஸ்பர் கேஸ் ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே லைனரில் இறங்கும். இது எல்லா ஊருக்கும் பொதுவான வியாதி. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி இதையும் உப்புக் கணக்கில்தான் எழுதுகிறார்.

கள ஆய்வுக்காக என் ஜீப்பை அவரிடம் விட்டேன். நான் அதற்குள் கேபிளை இறுக்கியிருந்ததைக் கண்டு அவர் சிரித்தார்.

“கேபிள மட்டும் டைட் வச்சா நாலு நாளைக்கு நிக்கும். பொறவு திரும்ப எங்கிட்டதான் வரணும். மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு வைங்க.”

கவனிக்க: ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்யும் வேலையே கல்லில்தான் தொடங்குகிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லீவரை முழுசாக விட்டு, கேபிளைத் தளர்த்தினார். எண்ணெய் குடித்திருந்த லைனரைக் கழற்றி எறிந்தார். சீலை மாற்றாமல் புது லைனர் போடுவது ஓட்டைக் கூரைக்கடியில் பாய் விரிப்பது மாதிரி என்றார். இரண்டையும் மாற்றியபின், டிரம்முக்குள் இருக்கும் பல்சக்கரத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பி நெம்பி, டிரம் கையால் சுற்ற முடியாதபடி பிடிக்கும்வரை திருப்பினார். பிறகு உரசாமல் சுற்றும் அளவுக்குச் சில பல் பின்வாங்கினார். கேபிளின் தொய்வை எடுத்தது கடைசியில்தான். நான் முதலில் செய்த வேலை அவருக்கு முடிவு வேலை.

அன்று மாலை மேம்பால ஏற்றத்தில் சோதனை. சரிவு முப்பதுக்கு ஒன்று என்று வைத்தால், ஒன்றரை டன் வண்டியைக் கீழே தள்ளும் விசை 50 கிலோ அளவுதான். லீவரை இழுத்தேன். ஜீப் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தும் நின்றது. என் கருதுகோளுக்கு இது பெரிய அடி.

மறுநாள் காலை, இத்தனை வருடப் பழக்கத்தில், ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும் என்பதே மறந்து திருச்செந்தூர் ரோட்டில் வெகுதூரம் போய்விட்டேன். வண்டி ஏன் திணறுகிறது என்று யோசிப்பதற்குள் கருகல் வாடை வந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

“லைனர் போச்சு. புதுசு வர ஒரு வாரம் ஆவும். அந்தக் கல்லத் தூரப் போட்ராதிய.”