பெய்லிக்கு ஆறு, மன்றோவுக்கு மூட்டை

பேராண்டி, முதல்ல ஃபேனை நிறுத்து. பட்டாபிராம் வெக்கையில ஃபேனை நிறுத்தச் சொல்றான் பாரு கிழவன்னு முணுமுணுக்காதே. சுண்டுவிரல் நகம் அளவு அட்டையில ஒரு பட்டாளத்தையே எழுதி அடுக்கி வச்சிருக்கே. காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா கர்னல் பெய்லி கட்டிலுக்கு அடியில போயிடுவார். அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே நேரம் சரியில்லை. நீயும் சேர்ந்து படுத்தாதே.

உங்கம்மா என்னைக் கூப்பிட்டது உனக்குப் புத்தி சொல்லத்தான். பொண்ணு பார்க்கப் போகலாம் வாடான்னு கூப்பிட்டா, "இந்த ஞாயித்துக்கிழமை ஹைதர் அலி செங்கம் கணவாயில இறங்குறார், எனக்கு ஒழியாது"ன்னு சொன்னியாமே? அம்பத்தூர் எஸ்டேட்ல கம்ப்யூட்டர் தட்டி வாங்கின சம்பளமெல்லாம் அட்டைக்கும் பசைக்கும் போகுதாம். பக்கத்துல ஆவடியில விஜயந்தா, அர்ஜுன்னு நிஜ டாங்கியே உருட்டித் தள்ளிட்டாங்க. நீ என்னடான்னா மாட்டு வண்டிக் காலத்துச் சண்டையைக் கத்திரிக்கோலால வெட்டிக்கிட்டு இருக்கே. நல்லா இரு. நான் திட்டமாட்டேன். திட்டினா நீ கேட்கவா போறே? உன் ஆட்டத்துல நாலு ஓட்டை இருக்கு, அதை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

சண்டையைத் தேர்ந்தெடுத்ததுல உனக்கு மூளை இருக்கு, ஒத்துக்கிறேன். இந்த மாதிரிப் பலகை ஆட்டம் ஆடுறவங்கள்ல முக்காவாசிப் பேர் நெப்போலியன், ஹிட்லர்னு அங்கேயே சுத்திக்கிட்டு இருக்காங்க. நீ 1780க்கு, ஹைதருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த புள்ளலூர்ச் சண்டைக்குப் போயிருக்கே. பூந்தமல்லியில பஸ் ஏறி, தண்டலத்துல திரும்பிப் பேரம்பாக்கம் போறவங்ககிட்ட, "இந்த ரோட்டுலதான் திப்பு சுல்தான் வெள்ளைக்காரனை மடக்கினார்"னு சொல்லிப் பாரு. "டிக்கெட் எடுத்தியா?"ன்னு கேட்பாங்க. அவ்வளவு பெரிய சண்டை, அவ்வளவு சுத்தமா மறந்தாச்சு. ஜெர்மனியில பிரன்ஸ்விக்னு ஒரு ஊர்ல ஹெல்விக்னு ஒரு கணக்கு வாத்தியார், சதுரங்கத்தைப் பெரிசாக்கி 1600க்கும் மேல கட்டம் போட்டு, முதன்முதல்ல ஒரு போர் விளையாட்டை அச்சடிச்சு வித்தார். எந்த வருஷம்? அதே 1780. அங்கே அவர் மரப்பொம்மையை நகர்த்திக்கிட்டு இருந்தப்போ, இங்கே புள்ளலூர்ல நிஜ ஆளுங்க நகர முடியாம நின்னுக்கிட்டு இருந்தாங்க.

அந்த நகர முடியாத சங்கதிதான் உன் பலகையில இல்லை.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண் போட்டிருக்கே. "இது 4 கட்டம் போகும், இது 6 கட்டம் போகும்." யாருப்பா போனது? கம்பெனிக்காரர் பெய்லி, கம்பெனியோட பெரிய படையோட சேர, குண்டூர்ல இருந்து 2800 பேரோட கீழே வந்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி கொசஸ்தலை ஆத்தங்கரைக்கு வந்து சேர்ந்தார். ஆறு காஞ்சு கிடக்குது. பொடிப்பசங்க கோலிக்குண்டு ஆடுற அளவுக்குத்தான் தண்ணி. இறங்கி அக்கரைக்குப் போய் மூட்டையை இறக்க வேண்டியதுதானே? துரைக்குக் களைப்பு. வடகரையிலேயே கூடாரம் போட்டுத் தூங்கிட்டார். ராத்திரி மேற்கே மழை கொட்டி, காலையில ஆறு கரை புரண்டு ஓடுது. அப்புறம் செப்டம்பர் பிறந்து மூணு நாலு நாள் ஆகிறவரைக்கும் மனுஷன் அக்கரையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். இத்தனைக்கும் பட்டணம் ஒரு நாள் ரெண்டு நாள் நடையில இருக்கு. இப்போ பூண்டியில 1944ல கட்டின ஏரி இருக்கு, மறிக்குது. அப்போ எது மறிக்கும்? நம்ம பக்கத்து ஆறு குளத்துக்கு ராத்திரியில ஒரு குணம், பகல்ல ஒரு குணம். 2015 டிசம்பர்ல மாடியில ஏறி உட்கார்ந்தவங்களைக் கேளு, சொல்வாங்க.

அதனால உன் ரூல்புக்குல முதல் ரூல் இப்படி எழுது: ஆத்தங்கரையில பெய்லி தூங்கினா, பகடையை எடுத்துக் கிணத்துல போட்டுட்டு ரெண்டு பேரும் எழுந்து போய் டீ குடிச்சுட்டு வரலாம். பத்து நாள் ஆட்டம் கிடையாது. என்ன, சுவாரசியம் இருக்காதா? சரித்திரம் வேணும்னு கேட்டது யாரு?

அடுத்தது மன்றோ. ஹெக்டர் மன்றோ, அந்தப் பெரிய படையோட தளபதி. 1764ல பக்சார்ல ஜெயிச்ச வீரர், சாதாரண ஆள் இல்லை. பரங்கிமலையில இருந்து 5000 பேருக்கு மேல கூட்டிக்கிட்டுக் காஞ்சிபுரம் போய் உட்கார்ந்தார். "எல்லாரும் பட்டணத்துப் பக்கமே ஒண்ணு சேருவோமே"ன்னு கூட இருந்த மெக்லியோட் பிரபு சொல்லிப் பார்த்தார். கேட்டாத்தானே? பெரிய மனுஷர் சொன்னா சொன்னதுதான், பெய்லி காஞ்சிபுரத்துக்கே வரணும். அங்கே ஆற்காட்டு நவாப் நெல்லு குவிச்சு வச்சிருப்பார்னு நம்பிக்கை. நவாபு முகமது அலியோ சேப்பாக்கம் அரண்மனையில கடன்காரனுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தவர். கம்பெனிக்கு வேலை பார்க்கிறவங்களே அவருக்கு வட்டிக்குக் கொடுத்து, நம்ம வயக்காட்டு வரியை அடமானமா எழுதி வாங்கியிருந்தாங்க. பால் பென்ஃபீல்டுன்னு ஒருத்தன், அவன் கதை லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் நாறிச்சு. அவனுக்கு ஒரு அட்டை வெட்டினியா? வெட்டலை. துப்பாக்கி வச்சிருந்தவனுக்கெல்லாம் அட்டை, கணக்குப் புஸ்தகம் வச்சிருந்தவனுக்கு இல்லை.

சரி, கதைக்கு வா. செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்துல ஹைதர் மகன் திப்பு வந்து பெய்லியை வளைச்சார். அன்னிக்கு ஏதோ சமாளிச்சுட்டார் பெய்லி. ஆனா இனிமே என்னால தனியா வர முடியாது, நீங்க வாங்கன்னு மன்றோவுக்குச் சீட்டு எழுதினார். நடுவுல இருந்தது 14 மைல். இப்போ நம்ம பசங்க பிரியாணி வாங்க அதைவிட அதிக தூரம் போறாங்க. மன்றோ வந்தாரா? காஞ்சிபுரம் கோயிலுக்குள்ள அரிசி மூட்டையை அடுக்கி வச்சிருந்தார். "நான் கிளம்பிட்டா மூட்டையை எவன் பார்ப்பான்?" ஆயிரம் பேரை மட்டும் ஃப்ளெட்சர்ங்கிற அதிகாரிகிட்ட கொடுத்து அனுப்பிட்டு, தான் மூட்டைக்குக் காவல் நின்னார்.

ஃப்ளெட்சர்தான் கூட்டத்துல புத்திசாலி. வழிகாட்டின்னு கொடுத்து அனுப்பின ஆளுங்களை நம்பலை. அவங்க ஹைதர்கிட்ட கூலி வாங்கினவங்கன்னு மூக்குல வேர்த்துருக்கு. வேற வழியில சுத்திப் போனார், பெய்லிகிட்ட பத்திரமாப் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 9ஆம் தேதி ராத்திரி எல்லாரும் சேர்ந்து கிளம்பினாங்க. விடிய விடிய நடந்திருந்தா விடியறப்போ மன்றோ கண்ணுல பட்டிருப்பாங்க. நடுவழியில பெய்லி, "நில்லு, விடிஞ்சதும் பார்த்துக்கலாம்"னுட்டார். ஏன்னு சரித்திரக்காரங்க இன்னிக்கும் மண்டையை உடைச்சுக்கிறாங்க. எனக்கென்ன சந்தேகம்? தூக்கம்தான். ஆத்தங்கரையில பழகின பழக்கம்.

விடிஞ்சா 10ஆம் தேதி. ஹைதர் மொத்தப் படையோட நிக்கிறார். 80,000, 90,000னு எழுதி வச்சிருக்காங்க. பீரங்கி ஒரு பக்கம், இரும்புக் குழாயில வாணம் ஒரு பக்கம். வெடிமருந்து வண்டி வெடிச்சது, அதோட பெய்லி கதை முடிஞ்சது. கை தூக்கினார், சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனாங்க, 1782ல அங்கேயே சிறையில செத்தார். மன்றோ அன்னிக்குக் காலையில கொஞ்ச தூரம் வந்திருக்கார். சத்தம் கேட்டது, புகை தெரிஞ்சது, சேதியும் வந்தது. திரும்பிட்டார். மறுநாள் பெரிய பீரங்கியையெல்லாம் காஞ்சிபுரம் கோயில் குளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டு பக்கம் ஓட்டம். காவல் காத்த அரிசியை என்ன பண்ணினார்? அதையும் பாழாக்கிட்டுத்தான் போனார். சிரிக்காதே. இந்த மூட்டைக்காகத்தான்டா பதினாலு மைல் வரமாட்டேன்னது.

இதுக்கு உன் பகடையும் அட்டவணையும் வேணுமா? "மூணுக்கு ஒண்ணு பலம் இருந்தா, அஞ்சு விழுந்தா எதிரி பின்வாங்குவான்"னு கட்டம் கட்டமாப் போட்டிருக்கே. நம்ம கோயில் மண்டபத் தரையில கொத்தி வச்சிருக்காங்களே ஆடு புலி ஆட்டம், அது போதும். 3 புலி, 15 ஆடு. புலி தாவித் தாவித் தின்னும். ஆடு ஒண்ணும் பண்ணாது, சும்மா ஒவ்வொண்ணா வந்து பக்கத்துல நிக்கும். கடைசியில புலிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. கம்பெனி தன்னைப் புலின்னு நினைச்சுக்கிட்டு வந்தது. புள்ளலூர்ல அதான் நடந்தது. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெரியுமில்லே? உன் ரூல்புக்கோ நாப்பது பக்கம். அவரை ஆட உட்கார வச்சா முதல் பக்கத்துலேயே அந்தப் புஸ்தகத்தை அடுப்புல போட்டுட்டு ஜெயிச்சிருப்பார்.

அந்தச் சண்டையைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவத்துல வரையச் சொன்னார். நடுவுல பெய்லி பல்லக்குல உட்கார்ந்து, அடிபட்டு விரலைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி. அதே சண்டையைக் காகிதத்துல வரைஞ்சதை 2022ல லண்டன்ல ஏலம் விட்டாங்க, 6,30,000 பவுண்டுக்குப் போச்சு. தோத்தவன் ஊர்ல ஜெயிச்சவன் படத்துக்கு அவ்வளவு விலை. உன் அட்டையையும் கிழிக்காம வை, பேரப்பிள்ளைங்களுக்கு ஆகும். பேரப்பிள்ளை வேணும்னா முதல்ல என்ன பண்ணணும்னு உங்கம்மா சொல்லிட்டாங்க, நான் அதுல தலையிடலை.

மறுவருஷக் கதையைச் சட்டுனு சொல்லிடறேன். கம்பெனித் தளபதி அயர் கூட் வந்தார், வங்காளத்துல இருந்து. 1781 ஜூலையில பரங்கிப்பேட்டையில ஜெயிச்சார். ஆகஸ்ட்ல நம்ம திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூர் கோட்டையைப் பிடிச்சார். எதுக்கு? உள்ளே தானியம் இருந்ததுக்கு. ராசியான இடம்னு அதே புள்ளலூர்ல ஹைதர் மறுபடி நின்னார், ஆகஸ்ட் 27. கூட் ஜெயிச்சதாச் சொன்னார், ஆனா சாப்பிட ஒண்ணும் இல்லாம திருப்பாச்சூருக்கே திரும்பினார். ஜெயிச்ச படை பட்டினியில பின்வாங்கினதை உன் அட்டவணையில எந்தக் கட்டத்துல எழுதுவே? 1784 மார்ச்ல மங்களூர்ல உடன்படிக்கை. அவங்கவங்க பிடிச்சதை அவங்கவங்க திருப்பிக் கொடுத்துக்கிட்டாங்க. ஹைதரும் இல்லை, கூட்டும் இல்லை, ரெண்டு பேரும் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. "வெற்றிப் புள்ளி"ன்னு ஓரத்துல ஒரு ஏணி போட்டிருக்கியே, அதுல யாரை ஏத்துவே?

இதெல்லாம் கூடப் போகட்டும். நம்ம ஊருக்கு நீ என்ன போட்டிருக்கே, காட்டு. பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி: வெறும் பச்சைக் கட்டம். "இங்கே குதிரை வேகமாப் போகும்." போச்சுடா குதிரை, வேகமாத்தான் போச்சு. பட்டணத்தைச் சுத்தி ஊர் ஊரா நெருப்பு வச்சு, மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனாங்க ஹைதர் ஆளுங்க. மிச்சம் இருந்த நெல்லைக் கம்பெனி ஆளுங்க அள்ளினாங்க. ஏர் ஓட்ட மாடு இல்லை, விதைக்க நெல்லு இல்லை, ஆள் இல்லை. கூட்டம் கூட்டமாப் பட்டணத்துக்குப் போனாங்க. 1782ல ராயபுரத்துப் பக்கம் மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்தினாங்க. அது வளர்ந்துதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்க தலைமுறைக்கு அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. உன் பெட்டி மேல "ரெண்டு பேர் ஆடலாம்"னு எழுதியிருக்கே. அந்தத் தொட்டி முன்னாடி வரிசையில நின்னவங்களுக்கு நாற்காலி போடலையே? சரி, நாற்காலி வேண்டாம், ஒரு அட்டையாவது வெட்டு. நகராத அட்டை. எந்தப் படை அந்தக் கட்டத்துல கால் வச்சாலும் ஒரு அட்டை கஞ்சித் தொட்டிக்குப் போகணும். எண்ணிக்கிட்டே வா, எந்தக் குவியல் பெரிசுன்னு தெரியும்.

இவ்வளவு சொன்னப்புறமும் ஆடத்தான் போறேங்கறே. உன் முகத்திலேயே தெரியுது. சரி, விரி. எனக்கும் வீட்டுல ஒண்ணும் வேலை இல்லை. ஆனா நான் ஹைதர் கிடையாது. நான் மன்றோ. மூட்டையை இங்கே என் மடிகிட்ட வை. நீ பெய்லி. பேரம்பாக்கத்துல உட்கார்ந்து "உடனே வாங்க"ன்னு சீட்டு எழுது, நான் படிச்சுட்டு யோசிக்கிறேன். ஹைதரை யார் ஆடுறதுன்னு கேட்கிறியா? அவருக்கு எதுக்குடா தனியா ஆளு, நாம ரெண்டு பேரும் இருக்கோமே!