நாப்பத்தஞ்சு பாயிண்ட் அண்ணன்

பழவேற்காட்டு மீனவர்கள் காற்றைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இது வாடை, இது கொண்டல், இது கச்சான் என்று முகத்தில் பட்டதும் சொல்லிவிடுவார்கள். ஆனால் குப்பத்துக்கு ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்தது ஒரே காற்று: பஞ்சர் கடைக் காற்று.

பின் சீட்டைக் கழற்றிய பழைய கார் ஒன்று வைத்திருப்பார். விடியலில் இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கு ஓட்டுவார். வழியில் பஞ்சர் கடை வந்தால் கார் தானாக நிற்கும்.

"எவ்ளோண்ணா?"

"நாப்பத்தஞ்சு வை."

"முப்பத்திரண்டே போதும்ணா."

"இன்னாடா நீ, லோடு வண்டிடா இது. டயரு கல்லு மாதிரி நிக்கணும்."

அடித்து முடித்ததும் டயருக்கு ஒரு உதை விடுவார். கால் வலித்தால் காற்று சரி என்று கணக்கு.

அண்ணன் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார். டயரின் பக்கவாட்டில் 51 என்று பொறித்திருப்பதை விரல் வைத்துக் காட்டுவார். "கம்பெனிக்காரனே போட்டுருக்கான் பாரு!" அது டயர் தாங்கும் உச்ச அளவு. வண்டிக்கு எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கராக இருக்கும். அண்ணன் காரில் அந்த இடத்தில் அம்மன் படம் ஒட்டியிருக்கிறது.

அவர் சொல்வதில் பாதி நிஜம். காற்று கூடினால் டயர் லேசாக உருளும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். நல்ல டயர் பத்து பாயிண்ட் கூடியதற்கெல்லாம் உடனே வெடித்துவிடாது. ஆனால் மிச்சம் பிடித்த காசு டயர் கடைக்குப் போய்விடும். நடுப்பகுதி மொட்டையாகியிருக்கும், ஓரம் புதுசாகவே இருக்கும். ரோட்டைத் தொடும் பரப்பு சுருங்குவதால் மழை நாளில் பிரேக் போட்டால் அண்ணன் நினைத்த இடத்தில் வண்டி நிற்காது. பள்ளத்தில் விழும் அடியை டயர் வாங்காமல் ரிம்முக்கும் அண்ணன் இடுப்புக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் நண்டு பாதி மயக்கத்தில் இருக்கும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கும் காரணம் உண்டு. உப்புக்காற்றில் ரிம் துருப்பிடித்து, டயர் உட்காரும் விளிம்பில் காற்று மெல்லக் கசிகிறது. ரிம்மைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் தீரும் வேலை. அண்ணனோ, இறங்கப்போகும் காற்றையும் சேர்த்து முன்பணமாக அடித்துவிடுகிறார்.

பாலம் தாண்டி லைட் ஹவுஸ் பக்கத்து மணலில் இறங்கினால் கதை கந்தலாகும். சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி தோண்டும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் தலை நிமிராமலே சொல்வார்: "நைனா, கொஞ்சம் காத்த எறக்கேன்." மணலில் காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மேலே ஏறிவரும். அண்ணன் அதற்கு ஒப்பமாட்டார். கடைசியில் படகு இழுக்கும் டிராக்டர் வந்து காரை இழுக்கும். அந்த டிராக்டரின் பெரிய பின் டயரில் இவர் டயரில் இருக்கும் காற்றில் பாதிகூட இருக்காது!

படகில் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்த ஊர்க்காரருக்கு டயர் கணக்கு பெரிய வித்தையில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது, ஸ்டிக்கரில் உள்ள அளவை வையுங்கள். முழு லோடுக்கான அளவும் அதிலேயே இருக்கும். அம்மன் படத்தை டேஷ்போர்டுக்கு மாற்றிவிடுங்கள் அண்ணே, தாய் கோபித்துக்கொள்ளமாட்டாள்.