லயத்துச் சொந்தங்கள்

கேள்வி: பதுளைத் தோட்டத்தில் வளர்ந்த என் தோழிக்கு லயத்தில் எல்லோருமே மாமா, சித்தி, அம்மாயி. இத்தனை சொந்தம் எப்படி வந்தது?
- வாசகி, பண்டாரவளை

பதில்: லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், அதாவது அறைகள். நடுவில் மெல்லிய சுவர். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் கொத்தமல்லி கொதிக்கும். அப்புறம் சொந்தம் வராமல் என்ன செய்யும்?

அம்மா கொழுந்தெடுக்க மலையேறும்போது கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது. பெற்றவளைத் தவிர இன்னொரு மடியும் தன்னுடையதுதான் என்று பேச்சு வருமுன்பே அது படித்துவிடுகிறது. கொஞ்சம் வளர்ந்தால் மாசி மாதக் காமன் கூத்து. மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் கட்டும் இளவட்டங்களுக்குப் பெரியவர்கள் பாட்டும் அடவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூடவே யாருக்கு எப்படி மரியாதை தருவது என்பதும் வந்துவிடுகிறது. கடைசியில் சாவு வீட்டுத் தப்புச் சத்தம்; கேட்டதும் தோட்டமே கூடிவிடும்.

இந்தச் சொந்தத்தையும் சட்டம் பிரித்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான், தங்கை மலையிலேயே நின்றாள். இது மன்னிக்க முடியாத கொடுமை. இன்று தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை மறுபடியும் அம்மாயிகளே வளர்க்கிறார்கள்.

அடுத்தமுறை தோழியின் தோட்டத்துக்குப் போனால், அந்த அம்மாயிகளின் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள், அம்மா.